எட்டாம் அதிகாரத்தில் அண்டிக் கறை: எல்லைப்புறச் சபைகளின் இளம் ஐயர்மாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஐயர்மாருக்கு,

ஸ்தோத்திரம். உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவில், கேரளப் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்குள் ஒளிந்து கிடக்கும் ஒரு சின்னச் சபையில் முப்பத்திரண்டு வருஷம் ஓய்வுநாள் பள்ளி வாத்தியாராக இருந்தவன். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லை பிரித்தபோது விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் போனது. நெய்யாற்றின்கரை தாலுகா இந்தப் பக்கமே நின்றது. நாங்கள் நின்றுபோன பக்கத்துத் தமிழர்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கோயிலில் ஒரு வாரம் அது, ஒரு வாரம் இது. போதகர்களான உங்களைக்கூட கிழவிகள் ஐயர் என்பார்கள், பேரப்பிள்ளைகள் அச்சன் என்பார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கப் பழகியிருப்பீர்கள்.

எழுத வந்தது உங்கள் பிரசங்கங்களைப் பற்றி. ஆனால் எங்கள் மாமியிடமிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வரும்.

மாமி என் அப்பாவின் தங்கை. வயது எழுபத்தெட்டு. பதினாலு வயதில் அண்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனவர். கொல்லாங்கொட்டை, அதாவது முந்திரிக்கொட்டைக் கம்பெனிக்கு இங்கே அதுதான் பெயர். ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலியை நினைத்துக்கொள்ள வேண்டாம். வறுத்த அண்டியைக் கல்லில் வைத்துத் தடியால் தல்ல வேண்டும். பருப்பு முழுசாக வர வேண்டும், உடைந்தால் கூலி குறையும். தோட்டிலிருந்து தெறிக்கிற எண்ணெய் பட்ட இடம் வெந்து கறுக்கும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் வேலை செய்வார்கள்; ஆனாலும் விரல் நுனியும் நகக்கண்ணும் கறுத்தே இருக்கும். சோறு தின்னும்போதும், கல்யாண வீட்டில் சந்தனம் எடுக்கும்போதும், கோயிலில் திருவிருந்து அப்பத்துக்குக் கை நீட்டும்போதும் அந்தக் கறுப்பு கூடவே வரும்.

மாமியின் வேதப்புத்தகத்தை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பக்க ஓரமெல்லாம் மங்கின பழுப்புக் கறை. சங்கீதம் 23, 91, 121 இருக்கிற இடங்களில் அது கொஞ்சம் கூடுதல். யோவான் எட்டாம் அதிகாரத்துக்கு வந்தால் ஓரம் நன்றாகவே கறுத்து, விளிம்பு கிழிந்து, செல்லோடேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளித்துப் பாதி உரிந்து நிற்கும். விபசாரத்தில் பிடிபட்டவள் என்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்து, கல்லெறியலாமா என்று கேட்டு, இயேசுவுக்கு முன் நடுவே நிறுத்தும் அதிகாரம் அது.

அந்தக் கறை ஏன் அங்கே விழுந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மாமியே என்னை எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னால், மாமா பம்பாய்க்கு வேலைக்குப் போய்க் கடிதம் நின்றுபோன காலத்தில், அண்டி ஆபீஸ் மேஸ்திரியோடு மாமியைச் சேர்த்து யாரோ ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். சபைக் கமிட்டி கூடியது. மாமியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமலே, திருவிருந்துக்கு வரக்கூடாது என்று முடிவெழுதிவிட்டார்கள். அடுத்த நாள் சாயங்காலம் பழைய உபதேசியார் குடையை ஊன்றிக்கொண்டு வந்து மாமி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அவர் பெரிய படிப்பாளி இல்லை. ஒன்றும் விசாரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. யோவான் எட்டை முதல் வசனத்திலிருந்து பதினொன்றாம் வசனம் வரைக்கும் மெதுவாக வாசித்தார். “நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை; நீ போ, இனிப் பாவஞ்செய்யாதே” என்று இயேசு சொல்லும் இடத்தில் நிறுத்தி, ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். மாமி செய்யாத குற்றம் அது, “இனி” என்ற வார்த்தை அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. ஆனாலும் மாமி பிடித்துக்கொண்டது அந்த வசனத்தைத்தான். கல் எடுத்தவர்கள் ஒவ்வொருவராகப் போனபிறகும் அவர் மட்டும் போகவில்லை, அது போதும் மக்களே என்பார்.

சரி, இனி பிரசங்கத்துக்கு வருகிறேன். தபசு காலத்தில் ஒரு ஞாயிறு. இளம் ஐயர் ஒருவர் எங்கள் பீடத்தில் நின்றார். நல்ல குரல், நல்ல படிப்பு. எந்த வருஷம், எந்தச் சேகரம் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் வேலை இல்லை. பேச்சுக்கு நடுவே, “இந்தச் சம்பவம் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் கிடையாது, பின்னாளில் யாரோ சேர்த்தது” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த குறிப்புக்குப் போய்விட்டார். முன்வரிசையில் இரண்டு வாலிபர்கள் தலையாட்டினார்கள். எனக்கும், உண்மையைச் சொல்கிறேன், ஏதோ புதிதாகத் தெரிந்துகொண்ட சந்தோஷம்.

வீட்டுக்கு நடக்கும்போது ஓடைப் பாலத்தில் நின்று மாமி கேட்டார்: “அப்போ, அவரு அப்படிச் சொல்லல்லியா மக்களே?”

என்னிடம் பதில் இல்லை. முப்பத்திரண்டு வருஷ வாத்தியார், ஒரு கிழவிக்குச் சொல்ல ஒரு வரி இல்லாமல் நின்றேன். வெயில் ஏறுது மாமி, நட என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கப்புறம் மாமி புத்தகத்தைத் திறக்காமல் இல்லை. சங்கீதம் வாசிப்பார். அந்தப் பக்கத்தை மட்டும் தொடவில்லை.

ஐயா, நீங்கள் சொன்னது பொய் இல்லை. நான் பிறகு தேடி வாசித்தேன். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் அந்தப் பகுதி இல்லை. அவற்றுக்கு முந்தின பாப்பிரஸ் பிரதிகளிலும் இல்லை. எல்லாம் சரி. ஆனால் அதே தேடலில் வேறு சில விஷயங்களும் கிடைத்தனவே! இந்தச் சம்பவம் சில பிரதிகளில் யோவான் சுவிசேஷத்தின் கடைசியில் இருக்கிறது. இன்னும் சிலவற்றில் லூக்கா 21-ஆம் அதிகாரத்தின் முடிவில் இருக்கிறது. பல பாவங்கள் சாட்டப்பட்டுக் கர்த்தருக்கு முன் நின்ற ஒரு பெண்ணைப் பற்றிப் பாப்பியாஸ் சொன்ன கதை ஒன்று உண்டு என்று, சபைச் சரித்திரம் எழுதின யூசேபியஸ் எழுதிவைத்திருக்கிறார். பாப்பியாஸ் இரண்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்து ஆள். சபைப் பிதா அகுஸ்தீன் இன்னும் ஒரு படி மேலே போய், தங்கள் மனைவிமாருக்குப் பாவம் செய்ய இது சலுகையாகிவிடும் என்று பயந்து சில ஆண்கள் இதைத் தங்கள் பிரதிகளிலிருந்து நீக்கினார்கள் என்கிறார். அகுஸ்தீன் சொன்னது சரியா தப்பா என்பதை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். யோவானின் கை எழுதியது இல்லை என்று சொல்லும் அறிஞர்களிலேயே பலர், இது இயேசுவைப் பற்றிய மிகப் பழைய நினைவு என்றுதான் எண்ணுகிறார்கள். எங்கே வைப்பது என்று தெரியாவிட்டாலும் சபை இதைத் தொலைக்க மனமில்லாமல் கையில் தூக்கிக்கொண்டே நடந்திருக்கிறது.

இதையும் சேர்த்து அன்று சொல்லியிருந்தால் மாமிக்குப் புரிந்திருக்கும். அண்டி ஆபீசில் நாற்பது வருஷம் முழுப் பருப்பையும் உடைந்த பருப்பையும் பிரித்த மனுஷிக்கு, எழுத்துப் பிரதிக்கும் சம்பவத்துக்கும் உள்ள வித்தியாசம் புரியாது என்று யார் சொன்னது? இன்னும் ஒரு பத்து நிமிஷம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிஷம் இல்லையென்றால், அந்த ஒரு வாக்கியத்தையும் அன்று விட்டிருக்கலாம்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தை நீங்கள் கிரேக்கத்தில் படித்திருப்பீர்கள். நான் தமிழில்தான். கொரிந்து சந்தையில் விற்ற மாமிசத்தில் ஒரு பங்கு, கோயிலில் படைத்தது. விக்கிரகம் ஒன்றுமில்லை, ஆகையால் தின்னலாம் என்றது படித்த கூட்டம். பவுலுக்கும் அதே கருத்துதான். அவர்கள் சொன்ன அறிவை அவர் ஓர் இடத்திலும் மறுக்கவில்லை. ஆனால் கேட்கிறார்: “பலவீனமுள்ள உன் சகோதரன் உன் அறிவினிமித்தம் கெட்டுப்போகலாமா? அவனுக்காகக் கிறிஸ்து மரித்தாரே.” கெட்டுப்போக அறியாமை காரணம் என்று எழுதவில்லை பாருங்கள். உன் அறிவினிமித்தம் என்கிறார். எத்தனையோ தடவை பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த வசனம்தான். அந்த ஒரு சொல்லில் என் கண் நின்றது, பாலத்தில் மாமி நின்றதற்கு அப்புறம்தான்.

கொரிந்து எங்களுக்கு தூரத்து ஊரும் இல்லை. மாசி மாதம் திருவனந்தபுரம் ஆற்றுகால் பகவதி கோயிலில் பொங்காலை படைக்க எங்கள் பக்கத்திலிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக ரயிலேறிப் போவார்கள். பக்கத்து வீட்டு அக்கா திரும்பி வந்ததும் ஒரு தூக்கில் பாயசம் கொண்டுவருவார். எங்கள் சபையிலேயே சிலர் வாங்கிக் குடிப்பார்கள், சிலர் குடிக்க மாட்டார்கள். மாமி இரண்டு கையாலும் வாங்கி, “சுகமா போயிட்டு வந்தியா பிள்ளே” என்று கேட்டு, தூக்கைக் கழுவி அதில் ஒரு பிடி கருப்பட்டி போட்டுத் திருப்பிக் கொடுப்பார். பாயசத்தை அவர் தொடுவதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்துவிடும், நாங்கள் குடிப்போம். இத்தனை வருஷத்தில் இதனால் யாருக்கும் யாரோடும் சண்டை வந்ததில்லை. ஒரு நாள் போதகர் வீட்டு முற்றத்தில் நாலு பேர் உட்கார்ந்து, குடியுங்கள் பாட்டி, இன்னும் இந்தக் காலத்திலும் பயமா என்று மாமியைக் கேலி பண்ணினார்கள். கேலி பண்ணினவர்கள் எல்லோரும் மதநல்லிணக்கம் பற்றி நன்றாகப் பேசக்கூடியவர்கள்! அந்த நல்லிணக்கத்தைத் தூக்குப் பாத்திரத்தில் கருப்பட்டி போட்டு நடத்திக்கொண்டிருந்தவர் அன்று தலை குனிந்து எழுந்து போனார்.

மற்றவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், இல்லைதான். என் கதையும் உண்டு.

அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனால் குடும்ப ஜெபத்தில் அதிகாரம் வாசிக்கிறது என் வேலை. கல்லூரியில் இரண்டாம் வருஷம் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தபோது, யோசுவா பத்தாம் அதிகாரம் வந்தது. சூரியன் தரித்து நின்றது என்ற இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு, பூமிதான் சுற்றுகிறது, அது நின்றால் என்ன ஆகும் என்று கால்மணி நேரம் பேசினேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். மறுத்து ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சாயங்காலம் பாயை விரித்து, ஒரு கீர்த்தனை பாடி, ஜெபம் பண்ணி முடித்துவிட்டார். அதிகாரம் வாசிக்க என்னைக் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அப்பா சாகும்வரை எங்கள் வீட்டில் வேதவாசிப்பு இல்லாத ஜெபம்தான் நடந்தது. நான் சொன்ன பௌதிகத்தில் ஒரு பிழையும் கிடையாது.

இப்படியெல்லாம் சொன்னால், எளியவன் மனம் நோகும் என்று நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டே இருக்க வேண்டுமா என்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தப் பேரில் நடக்கிற அக்கிரமமும் எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஓர் அண்ணன் கன்வென்ஷன் பிரசங்கியார் பேச்சைக் கேட்டு சர்க்கரை மாத்திரையை நிறுத்தி, காலில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. எண்ணெய்க் குப்பியை ஜெபித்து விற்கிறவர்களும் எளிய விசுவாசத்தைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் சொல்லுகிறார்கள். அங்கே நீங்கள் வாய் திறக்காமல் இருந்தால்தான் குற்றம். (சபைத் தேர்தலும் கோர்ட்டுக் கேசும் எளியவருக்கு வைக்கிற இடறலைப் பற்றி எழுதப்போனால் இந்த மடல் முடியாது. அது வேறொரு நாளைக்கு.)

எங்கே பேசுவது, எங்கே பொறுப்பது என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோது, லத்தீன் சபை நண்பர் ஒருவர் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் எழுதினதை எடுத்துச் சொன்னார். 13-ஆம் நூற்றாண்டிலேயே அவர் இடறலை, அதாவது ஒருவர் விசுவாசத்தில் தடுக்கி விழுவதை, இரண்டாகப் பிரித்திருக்கிறார். பலவீனத்தாலும் அறியாமையாலும் சிறியவர்கள் இடறுவது ஒன்று. மனசில் வன்மம் வைத்துக்கொண்டு பரிசேயர் இடறுவது இன்னொன்று. இரண்டாவதைப் பொருட்படுத்த வேண்டாம் என்கிறார். இயேசுவும் மத்தேயு 15-ல் பரிசேயர் இடறலடைந்தார்கள் என்று சீஷர்கள் வந்து சொன்னபோது, அவர்களை விட்டுவிடுங்கள் என்றுதானே சொன்னார்? பெண்கள் பீடம் ஏறுவதா என்று முகம் சுளிக்கிற கமிட்டிப் பெரியவருக்காக நீங்கள் பின்வாங்க வேண்டியதில்லை. 2013-லேயே தென்னிந்தியத் திருச்சபையில், ஆந்திரத்து நந்தியாலில், புஷ்பா லலிதா அம்மையார் பேராயராகிவிட்டார். அந்தக் கமிட்டிப் பெரியவருக்கு இடறினால் இடறட்டும்.

சிறியவர் விஷயத்தில் அக்குவினாஸ் சொல்வது வேறு. சத்தியத்தைக் கைவிடச் சொல்லவில்லை. விளக்கம் கொடுத்து இடறல் நீங்கும்வரை கொஞ்சம் மறைத்து வை, அல்லது தள்ளி வை என்கிறார். விளக்கம் கொடுத்த பிறகும் ஒருவன் இடறினேன் என்றால், அது வன்மத்தில் சேர்ந்துவிடும். இதைக் கேட்டதும் எனக்கு ஒன்று தெளிவானது: மாமிக்கு யாரும் விளக்கம் கொடுக்கவே இல்லை. தீர்ப்பு மட்டும்தான் கிடைத்தது. அந்தக் காலத்துக் கமிட்டியிடமிருந்து கிடைத்த மாதிரியே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சின்ன விஷயம்தான். மாமி ஜெபத்தில் “என் தம்புரானே” என்று கூப்பிடுவார். எல்லைக்காரர்கள் வாயில் தமிழோடு கலந்துவிட்ட சொல். அது ஜமீன்தாரனைக் கூப்பிட்ட அடிமைச் சொல், பாட்டி, விடுதலை பெற்றவர்கள் அப்படிக் கூப்பிடலாமா என்று ஒருவர் திருத்தினார். அவர் எண்ணம் நல்லதுதான். 1855-ல் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது வரைக்கும், எங்கள் பாட்டன் பூட்டன்மார் வயல் வரப்பில் எட்ட நின்று அந்தச் சொல்லைச் சொன்னவர்கள்தான். 1859-ல் மகாராஜாவின் பிரகடனம் வரும்வரை மேல்சீலை போட்டதற்காக அடிபட்ட பெண்களும் இந்தப் பக்கத்து ஆட்கள்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். ஞானஸ்நானம் பெற்றபிறகு எங்கள் பாட்டிமார் அதை நிலக்காரனிடமிருந்து பிடுங்கி இயேசுவுக்குக் கொடுத்துவிட்டார்கள். மாமி தன் ஆயுசில் வேறு எந்த மனுஷனையும் தம்புரானே என்று கூப்பிட்டதில்லை, முதலாளியைக்கூட “சாரே”தான். விடுதலை இறையியல் வகுப்பில் நீங்கள் பாடமாகப் படித்ததைத்தான் அந்தக் கிழவிகள் ஒரு சொல்லை இடம் மாற்றிச் செய்து முடித்திருக்கிறார்கள். திருத்துவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டிருந்தால் மாமியே சொல்லியிருப்பார்.

நான் வாசித்ததையெல்லாம் போன மாதம் மாமியிடம் சொன்னேன். சீனாய் பிரதி, பாப்பியாஸ், அகுஸ்தீன் எல்லாம். பொறுமையாகக் கேட்டார். மனைவிமாருக்குப் பயந்து நீக்கினார்கள் என்ற இடத்தில் மட்டும் சிரித்தார், “செய்வானுவ” என்றார். ஆனால் புத்தகத்தைத் திறக்கவில்லை. பீடத்தில் நின்று எடுத்ததை நான் திண்ணையில் வைத்துத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று தோன்றுகிறது. அங்கி போட்டவர் சொன்னதற்கு, அங்கி போட்ட ஒருவர்தான் வர வேண்டும்.

ஆகவே உங்களில் யாராவது ஒருவர் வாருங்கள். அன்று பேசினவரே வர வேண்டும் என்றில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மாமி வீட்டில்தான் இருப்பார். இப்போது இடது கண்ணில் புரை, எழுத்து தெரிவதில்லை; அதனால் நீங்கள்தான் வாசிக்க வேண்டும். பிரசங்கம் வேண்டாம். முதல் வசனத்திலிருந்து பதினொன்று வரை, மெதுவாக. அதற்கப்புறம் மாமி ஏதாவது கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாலும் அவர் ஒன்றும் நினைக்க மாட்டார். மாமியின் புத்தகத்திலேயே வாசியுங்கள். பக்கம் தேட வேண்டியதில்லை, ஓரம் கறுத்த இடத்தில் தானாகவே விரியும். டேப் உரிந்து நிற்கிறது, கொஞ்சம் பார்த்துப் புரட்டுங்கள்.

பஸ் நிறுத்தத்திலிருந்து ரப்பர் தோட்டம் வழியாகப் பத்து நிமிஷ நடை. மழை பெய்திருந்தால் வழுக்கும், நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

கர்த்தருக்குள் உங்கள்,
பழைய ஓய்வுநாள் பள்ளி வாத்தியார்